பியானோவுக்குள் இருக்கும் தோல்

முன்பலகையைக் கழற்றியதும் முதலில் வெளியே விழுந்தது ஒரு எலிக்கூடு. பழைய ஃபெல்ட் துணி, கிழிந்த பாட்டுப் புத்தகத் தாள், தலைமுடி எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. படிப்பகத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்களுக்குத்தான் வயிறு கலங்கியது. 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய பொருள் அது.

காந்திகிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பில் மாலைநேரப் படிப்பகம் நடத்துகிறோம். ஏழு பேர். கொடைக்கானலில் கைமாறிய ஒரு பழைய வீட்டில் பியானோ ஒன்று கிடக்கிறது, எடுத்துப் போக ஆள் இல்லை என்று நண்பர் ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தோம். சுவரோடு ஒட்டி நிறுத்தும் ரகம், 85 கட்டை, இரும்புச் சட்டத்தில் லண்டன் என்று வார்த்திருந்தது. காவலுக்கு இருந்த பெரியவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எந்த ஸ்கூலுக்கு?" என்று கேட்டார். ஸ்கூலுக்கு இல்லை, எங்கள் தெருவுக்கு என்றோம். ஊர் பெயரைக் கேட்டார், தெருவின் பெயரையும் கேட்டார். அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. தெருவின் பெயரைக் கேட்டால் நம் ஊரில் எதைக் கேட்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. எங்கள் குழுவில் பறை அடிக்கும் தங்கை ஒருத்தி முதல் கூட்டத்திலேயே கேட்டாள்: "பறைக்கே இன்னும் ஊருக்குள்ள மரியாதை வாங்க முடியல. அதுக்குள்ள வெள்ளக்காரன் பெட்டி எதுக்குண்ணே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் அந்தப் பெட்டியின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தோம். எழுத உட்கார்ந்ததும் அவளுக்காகத்தான்.

முதலில் அது வந்த வழி. மூடியின் உட்புறம் ஒரு பித்தளைத் தகடு, அதில் மிஸ்க்வித் கம்பெனி, மெட்ராஸ் என்று இருந்தது. 1842இல் சென்னையில் தொடங்கிய கடை அது. தேவாலய ஆர்கன்களையும் பியானோக்களையும் விற்று, பழுது பார்த்த நிறுவனம். பிறகு கைமாறி, மியூசி மியூசிகல் என்ற பெயரில் இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875இல் ரயில் வந்தது. கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். அந்த நிலையத்துக்கு இன்றும் கொடைக்கானல் ரோடு என்றுதான் பெயர். அதற்கு முந்தைய நிலையம் எங்கள் அம்பாத்துரை. அப்படியானால் மலைக்குப் போன சாமான் வண்டிகள் எங்கள் பாட்டன்களின் கண்முன்னால்தான் போயிருக்கின்றன.

அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம். அதற்குமேல் சாலை கிடையாது. அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள் 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். மோட்டார் சாலை வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடைப்பட்ட ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் மலை ஏறியது எல்லாமே மனிதத் தோளிலோ மாட்டின் முதுகிலோதான் ஏறியது. துரைமார், துரைசானிகளையும் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அந்தப் பாதைக்கு 'கூலி காட்' என்றே பெயர் வைத்தார்கள். தூக்கியவன் பெயர் இல்லை, அவன் வாங்கிய கூலியின் பெயர் இருக்கிறது! எங்கள் பியானோ 200 கிலோவுக்கு மேல் இருக்கும். ஒரு டாட்டா ஏஸில் ஏற்றி, வத்தலக்குண்டு வழியாக இறக்கிக் கொண்டுவருவதற்குள் எட்டுப் பேருக்கு முதுகு போய்விட்டது. ஏற்றுக்கூலியும் வண்டி வாடகையும் 7,500 ரூபாய்.

வந்திறங்கிய அன்று தேநீர்க்கடையில் யாரோ சத்தமாகச் சொன்னது எங்கள் காதில் விழுந்தது: "இனிமே சாவுக்கு இத வாசிப்பானுங்க போல." சிரித்தார்கள். நாங்கள் பதில் சொல்லவில்லை. எட்டுப் பேரின் கையிலும் பெட்டி இருந்தது.

இனி உள்ளே போவோம். கட்டைகளின் வெள்ளை மேல்தகடு யானைத் தந்தமா, செல்லுலாய்டா என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தந்தமாக இருந்தால் ஒவ்வொரு கட்டையிலும் முன்பகுதி தனி, வால் பகுதி தனி; இரண்டும் சேரும் இடத்தில் மெல்லிய கோடு தெரியும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மரத்தின் ரேகை போல ரேகை ஓடும். எங்களுடையது தந்தம். 19ஆம் நூற்றாண்டில் பியானோ செய்த நாடுகளுக்குத் தேவைப்பட்ட தந்தத்தில் பெரும்பங்கு கிழக்கு ஆப்பிரிக்காவின் உள்நாட்டிலிருந்து வந்தது. தந்தங்களைத் தலையில் சுமந்து நூற்றுக்கணக்கான மைல் நடந்து கடற்கரைக்கு வந்தவர்களில் அடிமைப்படுத்தப்பட்டவர்களும் உண்டு. சான்சிபார் தீவின் அடிமைச் சந்தை 1873இல்தான் மூடப்பட்டது. தந்தம் அங்கிருந்து கப்பலேறி லண்டனுக்கும் அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்துக்கும் போனது. அங்கே ஒரு ஊருக்கு ஐவரிடன் என்றே பெயர் வந்துவிட்டது, தந்த ஊர் என்று அர்த்தம். அடிமை முறையை எதிர்த்துப் பேசிய நியூ இங்கிலாந்து வீடுகளின் கூடத்திலும் அந்தத் தந்தம் பதித்த பியானோ நின்றது. சமூகவியல் வகுப்பில் பொருளுக்குள் உழைப்பு மறைந்து கிடக்கிறது என்று படித்திருக்கிறோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். ஆனால் அது விரல் நுனியில் பட்டது இப்போதுதான்.

தந்தத்தைவிட எங்களை நிறுத்தி வைத்தது தோல். கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியை அடித்துவிட்டுத் திரும்புகிறது. திரும்பும் சுத்தியல் துள்ளாமல் பிடித்துக்கொள்ள ஒரு சிறு பிடி இருக்கிறது. அந்தப் பிடி படும் இடத்தில், சுத்தியலின் அடிக்கட்டையில், மெல்லிய தோல் ஒட்டியிருக்கிறது. சுத்தியலை இழுக்கும் நாடாவின் நுனியிலும் தோல். இவற்றையெல்லாம் ஒட்டியிருப்பது வஜ்ஜிரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. சுத்தியலின் தலை ஆட்டு ரோமம். தோல் இல்லாமல் ஒரு சுரம்கூட ஒழுங்காக வராது. அந்தத் தோல்தான் எங்கள் பெட்டியில் பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது.

தோலுக்கு நாம் எங்கே போவது? திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! பூட்டுக்கும் சுருட்டுக்கும் பெயர் வாங்கிய ஊர், தோலுக்கும் பெயர் வாங்கியது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் சந்தைக்குப் போயின. அங்கே 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று தனிப் பெயரே இருந்தது. தொட்டியில் இறங்கி, சுண்ணாம்பில் ஊறிய தோலை இழுத்து, ரோமம் சீவியவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். பிறகு குரோமியம் வந்தது, கழிவுநீர் வந்தது, கிணறுகள் கெட்டன. அந்தக் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

பேருந்து நிலையம் பக்கம் செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவர்தான் எங்களுக்கு வழி காட்டினார். பழைய தோல் துண்டு ஒன்றை மாதிரிக்குக் கொடுத்தோம். விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். "மான் தோலு மாதிரி இருக்கு. அது இப்ப கெடைக்காது, தொடவும் கூடாது. வெள்ளாட்டுக் குட்டித் தோலு போதும், மெலிசா சீவித் தாரேன்" என்றார். 85 துண்டு. ஒவ்வொன்றும் விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. மூன்று நாள் எடுத்துக்கொண்டார். எதற்கு என்று இரண்டாம் நாள்தான் கேட்டார். பியானோவுக்கு என்றதும் ஒன்றும் புரியவில்லை. கைபேசியில் காட்டினோம். "இதுக்குள்ளயா?" என்று கேட்டுவிட்டு மறுபடி சீவ ஆரம்பித்தார்.

மிருதங்கத்தின் கதையை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020இல் வந்தது. மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றிய நூல். மாட்டைத் தேர்ந்தெடுத்து, தோலை எடுத்து, நாதம் வரும்வரை உழைக்கிறவர் வாசலில் நிற்கிறார். வாசிக்கிறவர் மேடையில் இருக்கிறார். நூல் வெளியீட்டுக்குத் தந்திருந்த அரங்கை கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது நினைவிருக்கும். தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு, தோல் கருவியை வாசித்தவனுக்குக் கச்சேரி. பறைக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அதில் செய்தவனும் வாசித்தவனும் ஒருவன்தான் என்பதால் தீட்டு முழுவதும் அவன்மேல் விழுந்தது.

பியானோவும் இந்த வரிசையில்தான் நிற்கிறது என்பதை எங்களுக்குச் சொன்னவர் சென்னையிலிருந்து வந்த ட்யூனர் ஐயா. எழுபதைத் தாண்டியவர். அப்பாவிடம் தொழில் கற்றவர். அரைக்கால் சட்டை வயதில் அப்பாவோடு பெரிய வீடுகளுக்குப் போவாராம். ஒரு ஜமீன் வீட்டில் நாள் முழுக்க வேலை. "பியானோவுக்குள்ள தோள்பட்டை வரைக்கும் கை விடலாம் தம்பி. ஆனா காபி மட்டும் கொட்டாங்குச்சியில. எங்கப்பா ஒரு நாளும் குடிச்சதில்ல. ட்யூன் முடிச்சதும் ஒரு பாட்டு முழுசா வாசிச்சுக் காட்டிட்டுத்தான் எந்திரிப்பாரு. அது அவரோட காபி." இதைச் சொல்லும்போது அவர் முறுக்காணியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

அவர் சொன்ன இன்னொன்று வேலை சம்பந்தப்பட்டது. மலையின் ஈரக்காற்றில் நூறு ஆண்டு இருந்த மரம் திண்டுக்கல் வெயிலுக்கு இறங்கினால் சுருங்கும். ஒலிப்பலகையில் விரிசல் விழும், முறுக்காணிகள் பிடி விடும். அப்படித்தான் ஆனது. இருநூற்றுச் சொச்சம் கம்பிகள். எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் இழுவிசை பல டன். துருப்பிடித்த கம்பியை ஒரேயடியாக இன்றைய சுருதிக்கு ஏற்றினால் அறுந்துபோகும். அரைச் சுரம் கீழேயே நிறுத்தி, ஆறு மாதம் விட்டு, மறுபடி ஏற்றினார். தளர்ந்த ஆணிகளைப் பிடுங்கி ஒரு சுற்றுப் பெரிய ஆணி இறக்கினார். அப்படியும் பதினொரு கம்பி அறுந்தது.

சுருதி கூட்டுவதை அவர் பிள்ளைகளுக்கு விளக்கியதுதான் எங்களைத் திண்டுக்கல்லின் இன்னொரு வரலாற்றுக்குக் கொண்டுபோனது. பியானோவில் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரிக்கிறார்கள். இயற்கையான ச-ப இசைவை ஒவ்வொரு இடத்திலும் மயிரிழை அளவு குறைத்தால்தான் பன்னிரண்டும் சமமாக வந்து வட்டம் மூடும். எந்தக் கட்டையிலிருந்து தொடங்கினாலும் ஒரே அளவு. இதைக் கேட்டதும் எங்களுக்கு ஆபிரகாம் பண்டிதர் நினைவுக்கு வந்தார்.

1859இல் தென்காசி பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக்குத் திண்டுக்கல் வந்தார். இங்கேதான் சடையாண்டிப் பத்தரிடம் வயலின் கற்றார். பிறகு தஞ்சாவூரில் சித்த மருத்துவராகப் பொருளீட்டி, சொந்தப் பணத்தில் 1912 முதல் இசை மாநாடுகள் நடத்தி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரும் நூலை வெளியிட்டார். அவர் பிறந்த நாடார் சமூகத்துக்கு அன்று கோயில் கதவுகள் மூடியிருந்தன. இசையின் இலக்கணம் சம்ஸ்கிருத நூல்களில் இருக்கிறது, ஸ்தாயிக்கு 22 சுருதி என்று மேடைகளில் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. இல்லை, பழந்தமிழ் இசையின் கணக்கு பன்னிரண்டும் இருபத்துநான்கும், அவை சம அளவு கொண்டவை என்று வாதிட்டார். 1916 பரோடா மாநாட்டுக்கே மகள்களோடு போய் அதை நிறுவ முயன்றார். அவருடைய கணக்கை ஏற்காத இசை அறிஞர்கள் உண்டு. நாங்கள் இசை அறிஞர்கள் இல்லை. கோயிலுக்குள் விடாத மனிதர் ஒருவர் இசையின் அளவுகோலையே கேள்வி கேட்டார் என்பதுதான் எங்களுக்கு முக்கியம். திண்டுக்கல்லில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை இசை மாணவர்களுக்குத் தெரியும்?

தங்கையின் கேள்வி இன்னும் பாக்கி இருக்கிறது. அவள் பக்கம் வலுவான சாட்சிகள் உண்டு. தமிழ்க் கிறிஸ்தவ ஆராதனையில் ஒருபக்கம் ஆர்கனோடு வந்த ஐரோப்பிய ஞானப்பாட்டு, மறுபக்கம் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அதில் முதன்மையானவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். பெரும் கவிஞர், மறுக்கவில்லை. ஆனால் 1820களின் இறுதியில், பறையர் கிறிஸ்தவரோடு சமமாக உட்காரவைத்த மிஷனரிகளை எதிர்த்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆக, ஆர்கனும் உள்ளே வந்தது, ராகமும் உள்ளே வந்தது. பறை மட்டும் வெளியே நின்றது. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, நாம் 'பறட்டை' என்று அறிந்தவர், இந்த இரண்டையும் கேள்விக்குள்ளாக்கி நாட்டுப்புற இசையில் வழிபாட்டை எழுதினார். விலையுயர்ந்த கருவியும் பயிற்சியும் வேண்டாம், மக்கள் தாங்களே பாடி மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். 2005இல் மறைந்தார். அவர் இருந்திருந்தால் எங்கள் 12,000 ரூபாயைப் பார்த்துச் சிரித்திருப்பார் என்று நினைக்கிறோம்.

அதே திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா நடத்தும் சக்தி கலைக்குழு இருக்கிறது. ஆண்கள் மட்டுமே தொட்ட பறையைத் தலித் இளம்பெண்கள் கையில் எடுத்த இடம். எங்கள் தங்கையின் தோளில் பறை தொங்குவதற்குப் பின்னால் அப்படிப்பட்ட பெண்களின் உழைப்பு இருக்கிறது. பெண்ணுக்கு எதற்குப் பறை என்று அன்று கேட்டவர்களில் நம் வீட்டு ஆண்களும் இருந்தார்கள். இதை அவளிடமே சொன்னோம். "அதுவும் இதுவும் ஒண்ணாண்ணே?" என்று கேட்டாள். ஒன்றில்லைதான். பறை நம்மிடம் இருந்ததை மீட்பது. இது நம் தோளில் ஏறிப்போய் நமக்குத் திறக்காமல் இருந்த ஒன்றைத் திறப்பது.

பண்ணைப்புரத்திலிருந்து ஒரு இளைஞர் 1968இல் சென்னைக்குப் போனார். அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியத்தோடு பாடியவர். அந்தப் பெட்டியைத் தம்பி தொட்டால் அடி விழுமாம். சென்னையில் தன்ராஜ் மாஸ்டர் என்ற ஆசிரியர், மயிலாப்பூர் விடுதி அறை ஒன்றில், பியானோவும் மேற்கத்திய இசை எழுத்தும் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அதன்பிறகு நடந்தது ஊரறிந்தது. தன்னை எந்தச் சாதியின் பெயராலும் அழைப்பதை இளையராஜா ஏற்பதில்லை, நாமும் அழைக்க வேண்டாம். தன்ராஜ் மாஸ்டரைப் பற்றி மட்டும் யோசிப்போம். அந்த அறைக் கதவு யாருக்கு என்று பார்த்துத் திறந்திருந்தால்? கடைசிக் காலத்தில் அண்ணல் அம்பேத்கர் வயலின் கற்றுக்கொண்டார். அரசியல் சட்டம் எழுதிய மனிதருக்கு எதற்கு வயலின் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

காந்திகிராமத்தில் இருந்துகொண்டு இதை எழுதுவதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1947இல் டாக்டர் சௌந்தரம் அம்மாளும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய இடம். ராட்டையும் கதரும் கைத்தொழிலும் கிராமத்தின் விடுதலை என்று நம்பிய இடம். அய்யங்கோட்டையில் பிறந்த கிருஷ்ணம்மாள் படிக்க சௌந்தரம் அம்மாள் துணை நின்றதை மறக்கக் கூடாது. பின்னாளில் கீழத்தஞ்சையில் நம் பெண்களின் பெயரில் நிலம் எழுதவைத்தவர் அந்தக் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். ஆனாலும் கிராமத்துக்கு எது தேவை என்பதை வேறு யாரோ முடிவு செய்து, எளிமையை நமக்குப் பரிந்துரைக்கும் வழக்கத்தோடு எங்களுக்குச் சண்டை உண்டு. எளிமை, வேண்டாம் என்று விட்டவருக்கு அழகு. கிடைக்காதவரிடம் போய் அதைச் சொல்லக் கூடாது.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம், நாளை யாராவது இலவசமாகப் பியானோ கிடைக்கிறது என்று ஓடக் கூடாது. பழைய பியானோவின் விலை ஒன்றுமே இல்லை, செலவு அதற்குப் பிறகுதான். ஆணி, கம்பி, ஃபெல்ட், ட்யூனர் ஐயாவின் மூன்று பயணம், தச்சுக் கூலி எல்லாம் சேர்த்து 60,000 ரூபாயைத் தாண்டியது. இரண்டு வருடம், பலரிடம் ஐந்நூறும் ஆயிரமுமாக வாங்கிச் செய்தோம். அந்தப் பணத்தில் நல்ல கீபோர்டு நான்கு வாங்கலாம். பதினைந்து இருபது பறையும் வாங்கலாம். வாங்கும் முன் முறுக்காணிப் பலகையில் விரிசல் இருக்கிறதா, இரும்புச் சட்டம் உடைந்திருக்கிறதா, கறையான் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பூட்டின் சாவி இல்லையென்றால் கவலை வேண்டாம். நாகல்நகரில் அரை மணி நேரத்தில் செய்து தருகிறார்கள்.

இப்போது எங்கள் பியானோ அரைச் சுரம் கீழேதான் நிற்கிறது. வெயில் ஏறினால் மேல் ஸ்தாயியில் நான்கு கம்பிகள் இறங்கிவிடுகின்றன. இடது ஓரத்தில் ஒரு கட்டை இன்னும் பேசவில்லை. எட்டாவது படிக்கும் ஒரு பெண் அந்தக் கட்டையைத் தாண்டி வாசிக்கப் பழகிவிட்டாள். பறை அடிக்கும் தங்கை இன்னும் பியானோவைத் தொடவில்லை. போன வாரம் பிள்ளைகள் வாசிக்கும்போது எதிரில் உட்கார்ந்து தாளம் மட்டும் போட்டாள். வேகம் அதிகம் என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். "நீங்க வேகமா வாங்க" என்றாள்.

ட்யூனர் ஐயா தை மாதம் வருகிறேன் என்றிருக்கிறார். செருப்புத் தைக்கும் பெரியவரையும் அன்று வரச் சொல்லியிருக்கிறோம். அவர் சீவிய 85 துண்டில் இரண்டு பசை விட்டு வந்துவிட்டது. அவர் முன்னாலேயே ஒட்ட வேண்டும்.